காலில் நுழையும் கள்ளன்

அந்தக் கள்ளன் கதவை உடைப்பது இல்லை. சுவரில் கன்னம் வைப்பது இல்லை. கத்தியைக் காட்டி மிரட்டுவதும் இல்லை.

கால் விரல் இடுக்கு வழியாக உள்ளே நுழைகிறான்!

நுழையும்போது கொஞ்சம் அரிக்கும். "ஏதோ பூச்சி கடித்துவிட்டது" என்று சொறிந்துவிட்டு நாம் வேலையைப் பார்ப்போம். சில வாரங்களில் அவன் நம் குடலில் குடித்தனம் வைத்துவிடுவான். அதன் பிறகு 3 ஆண்டு, 5 ஆண்டு என்று உட்கார்ந்து ரத்தம் குடிப்பான். வாடகை கிடையாது!

அவன் பெயர் கொக்கிப்புழு. நீளம் ஒரு சென்டி மீட்டர். தடிமன் தையல் நூல் அளவு. பார்த்தால் "இதுவா இத்தனை அட்டகாசம் செய்கிறது?" என்று கேட்கத் தோன்றும்.

பழனி மலைப் பள்ளிக்கூடங்களில் படிக்கும் 12, 13, 14 வயதுப் பிள்ளைகளுக்கு இந்தக் கள்ளனைப் பற்றிய பாடம் மிகவும் அவசியம். ஏன் அந்த மலை? ஏன் அந்த வயது? இரண்டுக்கும் காரணம் இருக்கிறது.

மேல்மலையும் கீழ்மலையும்

பழனி மலைக்காரர்கள் தங்கள் ஊர்களை இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள். ஒன்று மேல்மலை. மற்றொன்று கீழ்மலை.

மேல்மலை என்றால் பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் போன்ற ஊர்கள். ஏறத்தாழ 6,000 அடி உயரம். டிசம்பர், ஜனவரி மாதங்களில் புல்லின் மேல் உறைபனி வெள்ளை வெளேர் என்று படிந்து கிடக்கும். பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ் விளையும்.

கீழ்மலை என்றால் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, ஆடலூர், பாச்சலூர் போன்ற ஊர்கள். இங்கே அவ்வளவு குளிர் இல்லை. காப்பி, மிளகு, ஆரஞ்சு, வாழை விளையும். பழனி பஞ்சாமிர்தத்துக்கு மணம் கொடுக்கும் விருப்பாச்சி வாழை இந்தச் சரிவுகளில் விளைவதுதான்.

கொக்கிப்புழுவுக்கு மிதமான சூடு வேண்டும். ஈரம் வேண்டும். நிழல் வேண்டும். கடும் வெயில் பட்டால் அதன் குஞ்சு காய்ந்து செத்துவிடும். கடும் குளிரிலும் அது வளராது.

காப்பித் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். உயர்ந்த மரங்களின் நிழல். கீழே மக்கிப்போன இலைச் சருகு. அதன் அடியில் காயாத ஈரம். காப்பிச் செடிக்கு எது சுகமோ, அதுவே இந்தப் புழுவுக்கும் சுகம்!

1845-ம் ஆண்டு, மதுரையில் இருந்த அமெரிக்கப் பாதிரிமார்கள் கொடைக்கானலில் வீடு கட்டிக் குடியேறினார்கள். கீழே காலராவும் காய்ச்சலும் அவர்களுடைய குடும்பங்களை வாட்டி எடுத்தன. மலை ஏறினால் நோய் விடும் என்று நம்பினார்கள். காய்ச்சல் விஷயத்தில் அது ஓரளவு சரி. புழு விஷயத்தில் பாதிதான் சரி. குளிர் கொக்கிப்புழுவை முடக்கும். ஆனால் மேல்மலைக்கு என்று வேறு ஒரு ஆசாமி இருக்கிறான். அவனைப் பிறகு பார்க்கலாம்.

ஒரு நாள் அதிகாலை

கள்ளன் நுழைவது எப்படி?

தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர் அவசரத்துக்குப் புதர் மறைவில் ஒதுங்குகிறார். அவர் வயிற்றில் புழு இருக்கிறது. அது அவருக்கே தெரியாது. ஒரு பெண் புழு ஒரு நாளில் 5,000 முதல் 10,000 முட்டை வரை இடும். அத்தனையும் மலத்தோடு மண்ணில் விழுகின்றன.

ஒன்றிரண்டு நாளில் முட்டை பொரிக்கும். 5 முதல் 10 நாளில் குஞ்சுகள் தயாராகிவிடும். மழை வந்து மலம் கரைந்து போயிருக்கும். இடம் பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் குஞ்சுகள் அங்கேதான் இருக்கின்றன. 3 வாரம், 4 வாரம்கூடக் காத்து இருக்கும்.

அந்த வழியாக ஒரு சிறுமி செருப்பு இல்லாமல் வருகிறாள். சுள்ளி பொறுக்க வந்தவளாக இருக்கலாம். லீவு நாளில் அம்மாவோடு காப்பிப் பழம் பறிக்க வந்தவளாகவும் இருக்கலாம். ஈர மண்ணில் கால் பதிகிறது. போதும்!

குஞ்சு தோலைத் துளைத்து ரத்தக் குழாயில் இறங்குகிறது. இருதயத்துக்குப் போகிறது. அங்கிருந்து நுரையீரல். பிறகு மூச்சுக் குழாய் வழியாக ஏறித் தொண்டைக்கு வருகிறது. சிறுமி லேசாக இருமி எச்சிலை விழுங்குகிறாள். எச்சிலோடு புழுவும் குடலுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. சுற்று வழிதான். ஆனால் தவறாமல் போய்ச் சேரும்.

கையில் சிந்திய தண்ணீர்

"மண்ணை மிதித்தால் வயிற்றில் புழுவா? கதை அளக்கிறீர்களே!" என்று கேட்கலாம். 1898-ம் ஆண்டு வரை டாக்டர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

எகிப்து நாட்டின் கெய்ரோ நகரில் ஆர்தர் லூஸ் என்ற விஞ்ஞானி இருந்தார். கொக்கிப்புழுக் குஞ்சுகள் நிறைந்த தண்ணீரைக் கினிப்பன்றிகளின் வாயில் விட்டு ஆராய்ச்சி செய்துகொண்டு இருந்தார். தண்ணீர் கொஞ்சம் அவர் கையில் சிந்திவிட்டது. அந்த இடம் சிவந்தது. எரிந்தது. அரித்தது.

மற்றவராக இருந்தால் துடைத்துவிட்டுப் போய் இருப்பார். லூஸ் விடவில்லை. தன் மலத்தையே வாரக்கணக்கில் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். ஒரு நாள், கொக்கிப்புழு முட்டைகள் தெரிந்தன!

தோல் வழியாகப் புழு நுழையும் என்பது இப்படித்தான் உலகத்துக்குத் தெரிந்தது.

18 தேக்கரண்டி ரத்தம்

இந்தப் புழு எவ்வளவு ரத்தம் குடிக்கும்? தென்னிந்தியாவில் அதிகமாகக் காணப்படும் வகை ஒரு நாளில் குடிப்பது 0.03 மில்லி லிட்டர். ஒரு சொட்டுகூட இல்லை.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 100 புழு இருந்தால் ஒரு நாளைக்கு 3 மில்லி லிட்டர். 30 நாளில் 90 மில்லி லிட்டர். அதாவது 18 தேக்கரண்டி!

இதில் பெண் பிள்ளைகளின் நிலைமைதான் பரிதாபம். மாதவிலக்கின்போது ஒரு பெண்ணுக்கு வழக்கமாகப் போகும் ரத்தம் 30 முதல் 40 மில்லி லிட்டர். 100 புழு உள்ள பெண்ணுக்கு, வெளியே தெரியாமல் இன்னும் இரண்டு மாதவிலக்கு அளவுக்கு ரத்தம் உள்ளேயே போய்க்கொண்டு இருக்கிறது. வளரும் வயது. உடம்புக்கு ரத்தம் அதிகமாகத் தேவைப்படும் வயது. வரவு குறைவு, செலவு இரண்டு வழியில்.

2019–21-ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 59 பேருக்கு ரத்த சோகை இருக்கிறது. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். இதற்கு எல்லாம் புழுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. கீரை, பயறு, முட்டை போதாத சாப்பாடுதான் முதல் காரணம். ஆனால் ஓட்டைக் குடத்தில் எவ்வளவு ஊற்றினாலும் நிறையாது அல்லவா?

ரத்த சோகை உள்ள பிள்ளை எப்படி இருக்கும்? பள்ளிக்கூடத்துக்கு மேட்டில் ஏறும்போது மற்றவர்களுக்கு முன் மூச்சு வாங்கும். வகுப்பில் தூங்கி வழியும். கணக்கில் கவனம் இருக்காது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் சிவப்பு இருக்காது, வெளுத்து இருக்கும்.

நாம் என்ன சொல்கிறோம்? "சுத்தச் சோம்பேறி!" என்கிறோம். அமெரிக்காவிலும் அப்படித்தான் சொன்னார்கள். அங்கே தென் பகுதி மக்களைச் சோம்பேறிகள் என்று மற்றவர்கள் கேலி செய்வது வழக்கம். 1902-ம் ஆண்டில் சார்லஸ் ஸ்டைல்ஸ் என்ற நிபுணர், அவர்களுடைய சோர்வுக்குக் கொக்கிப்புழுதான் காரணம் என்று சொன்னார். பத்திரிகைகள் அதற்குச் "சோம்பேறிக் கிருமி" என்று பெயர் வைத்துச் சிரித்தன. 1909-ல் கோடீசுவரர் ராக்பெல்லர் இந்தப் புழுவை ஒழிக்க 10 லட்சம் டாலர் கொடுத்தார். அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

மிட்டாய் மேல் பழி

புழுவைப் பற்றி நம் வீடுகளில் எத்தனையோ பேச்சு உண்டு. "மிட்டாய் தின்னாதே, வயிற்றில் பூச்சி வரும்" என்று அம்மா சொல்வாள். மிட்டாயினால் பல் சொத்தை ஆகும். பூச்சி வராது. பூச்சி வருவது மிட்டாயை எடுக்கும் கையினால்.

"பெண் பல்பம் தின்கிறாள், மண் தின்கிறாள், அதனால்தான் வெளுத்துப் போனாள்" என்பார்கள். இதில் பாதி உண்மை. மண்ணோடு புழு முட்டையும் வயிற்றுக்குள் போகலாம். ஆனால் மறுபாதி தலைகீழ். ரத்த சோகை வந்த பிறகுதான் பலருக்கு மண், சாம்பல், பச்சரிசி, பல்பம் இவற்றின் மேல் ஆசை வருகிறது. அந்தப் பிள்ளையை அடிப்பதில் பயன் இல்லை. டாக்டரிடம் காட்ட வேண்டும்.

விளக்கெண்ணெய் விவகாரம் வேறு. அந்தக் காலத்தில் லீவு நாள் வந்தால் வீட்டுப் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, மூக்கைப் பிடித்து, விளக்கெண்ணெய் புகட்டுவார்கள். தப்பித்து ஓடிய பிள்ளையைத் துரத்திப் பிடிப்பதற்கு என்றே வீட்டில் ஒரு சித்தப்பா இருப்பார்! குடல் கழுவப்படும், உண்மைதான். ஆனால் கொக்கிப்புழு பல்லால் குடல் சுவரைக் கடித்துக்கொண்டு இருக்கிறது. பேதிக்கு அது அசையாது.

ஓமத்தின் கதை சுவையானது. ஓமத்தில் இருந்து எடுக்கப்படும் தைமால் என்ற சத்துத்தான் 100 ஆண்டுகளுக்கு முன் உலகம் முழுவதும் கொக்கிப்புழுவுக்கு மருந்து. பாட்டியின் அஞ்சறைப் பெட்டி அவ்வளவு லேசுப்பட்டது அல்ல. ஆனால் ஒரு சிட்டிகை ஓமத்தில் அந்த அளவு தைமால் கிடையாது. டாக்டர்கள் கொடுத்த அளவோ தலை சுற்ற வைக்கும். இப்போது அந்தத் தொல்லை இல்லை.

ஒரே ஒரு மாத்திரை

இப்போது உள்ள மருந்து அல்பெண்டசோல். 400 மில்லி கிராம் மாத்திரை ஒன்று. மென்று தின்ன வேண்டும். அவ்வளவுதான்.

2015-ம் ஆண்டு பிப்ரவரியில் மத்திய அரசு "தேசிய குடற்புழு நீக்க நாள்" என்று ஒரு நாளைத் தொடங்கியது. 1 வயது முதல் 19 வயது வரை எல்லோருக்கும் பள்ளிக்கூடத்திலும் அங்கன்வாடியிலும் மாத்திரை இலவசம். பிப்ரவரியில் ஒரு முறை, ஆகஸ்டில் ஒரு முறை. 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பாதி மாத்திரை, பொடி செய்து கொடுக்கப்படும். தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயது வரை உள்ள பெண்களுக்கும் கொடுக்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் மட்டும் இதில் கிடையாது.

மாத்திரை தின்ற பிள்ளைக்குச் சில நேரம் வயிறு புரட்டும். தலை சுற்றும். வயிற்றில் புழு நிறைய இருந்தால் இப்படி ஆகலாம். கொஞ்ச நேரம் படுத்து, தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும். இதைப் பார்த்துப் பயந்து "என் பிள்ளைக்கு மாத்திரை வேண்டாம்" என்று சண்டைக்குப் போகும் பெற்றோர்கள் உண்டு. பயப்படத் தேவை இல்லை. காய்ச்சலோ வேறு நோயோ இருக்கும் பிள்ளைக்கு அன்று கொடுக்காமல், உடம்பு சரியான பிறகு கொடுப்பார்கள்.

சரி, மாத்திரைதான் இருக்கிறதே! பாடம் எதற்கு?

ஏன் என்றால், மாத்திரை வயிற்றைச் சுத்தம் செய்யும். மண்ணைச் சுத்தம் செய்யாது. மாத்திரை தின்ற மறு வாரமே, அதே தோட்டத்தில், அதே புதர் ஓரம், வெறுங்காலோடு போனால் கள்ளன் மறுபடியும் நுழைவான். எல்லாப் புழுவும் ஒரே மாத்திரைக்கு அடங்குவதும் இல்லை. உருண்டைப்புழு 100 பேரில் ஏறத்தாழ 95 பேருக்கு ஒழியும். கொக்கிப்புழு 80 பேருக்கு. சாட்டைப்புழு என்று ஒன்று உண்டு. அது பலே கில்லாடி. 100-க்கு 30 பேருக்குத்தான் ஒழியும்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் தமிழ்த் தொழிலாளர்களின் கதை இதற்குச் சாட்சி. 1916-ல் அங்கே மாத்தளைப் பகுதியில் ராக்பெல்லர் நிறுவனத்தார் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினார்கள். ஆயிரக்கணக்கானவர்களுக்கு மருந்து கொடுத்தார்கள். மருந்து சாப்பிட்டவர்கள் தேறினார்கள். ஆனால் லயங்களில் கக்கூசு இல்லை. காலில் செருப்பு இல்லை. போன புழு திரும்பி வந்துவிட்டது.

மேல்மலை ஆசாமி

இப்போது மேல்மலைக்கு வருவோம்.

கேரட் தோட்டத்துப் பக்கம் போகும் பையன் என்ன செய்வான்? ஒரு கேரட்டைப் பிடுங்குவான். தழையைத் திருகி எறிவான். டவுசரில் இரண்டு தேய் தேய்ப்பான். கறுக் முறுக் என்று கடிப்பான். அந்த ருசி கடையில் வாங்கும் கேரட்டில் வராது என்பது உண்மைதான்!

அந்த மண்ணில் மனித மலம் கலந்து இருந்தால், கேரட்டோடு உருண்டைப்புழுவின் முட்டையும் உள்ளே போகும். இந்தப் புழு ஒரு அடி நீளம்கூட வளரும். பெண் புழு ஒரு நாளில் 2 லட்சம் முட்டை இடும். முட்டையின் மேல் பசை உண்டு. கேரட்டிலும் நகத்திலும் ஒட்டிக்கொள்ளும். குளிருக்கு அஞ்சாது. மண்ணில் பல ஆண்டு உயிரோடு இருக்கும். கொக்கிப்புழுவை முடக்கும் மேல்மலைக் குளிர் இதை ஒன்றும் செய்வது இல்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மாட்டுச் சாணத்தால் இந்தப் புழு வருவது இல்லை. மனிதப் புழு மனித மலத்தில் இருந்துதான் வரும். தொழு உரம் போடும் விவசாயியின் மேல் பழி போடக் கூடாது.

1,063 புழுக்கள்!

உருண்டைப்புழு எவ்வளவு பொல்லாதது என்பதற்குத் தென்கொரியாவில் நடந்த ஒரு சம்பவம் போதும்.

1963-ம் ஆண்டு. ஜியோன்ஜு என்ற ஊரில் 9 வயதுச் சிறுமி ஒருத்தியை வயிற்று வலி என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். டாக்டர்கள் வயிற்றை அறுத்துப் பார்த்தார்கள். குடலை அடைத்துக்கொண்டு புழுக்கள் பந்து பந்தாகச் சுருண்டு கிடந்தன. எடுத்து எண்ணினார்கள். 1,063!

சிறுமி பிழைக்கவில்லை.

அந்த நாட்டில் மனித மலத்தைத்தான் காய்கறித் தோட்டத்துக்கு உரமாகப் போட்டு வந்தார்கள். சிறுமியின் சாவு நாட்டை உலுக்கியது. மறு ஆண்டே புழு ஒழிப்புக்கு என்று ஒரு சங்கம் ஏற்பட்டது. 1969-ல் இருந்து பள்ளிப் பிள்ளைகள் ஆண்டுக்கு 2 முறை தங்கள் மலத்தைச் சிறு உறையில் போட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வர வேண்டும் என்று ஏற்பாடு ஆயிற்று. முட்டை காணப்பட்ட பிள்ளைக்கு மருந்து.

1971-ல் அந்த நாட்டில் 100 பேரைச் சோதித்தால் 84 பேருக்குப் புழு. 1992-ல் 4 பேருக்கும் குறைவு.

20 ஆண்டு, அவ்வளவுதான். மருந்து மட்டும் இதைச் செய்யவில்லை. மல உரம் நின்றது. கக்கூசுகள் வந்தன. ஆனால் புழுவைத் தேடிப் பிடித்தது பள்ளிக்கூடம்.

மந்திரக் கண்ணாடி

பாடம் என்றால் கரும்பலகையில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்வது என்று நினைக்கக் கூடாது. "கொக்கிப்புழு எவ்வாறு பரவுகிறது? 5 மதிப்பெண்" என்று கேட்டால் 5-க்கு 5 வாங்கும் பிள்ளை, பரீட்சை முடிந்ததும் வெறுங்காலோடு தோட்டத்துக்குள் ஓடும். மனப்பாடம் தலையில் நிற்கும், காலுக்கு இறங்காது.

சீனாவில் ஹூனான் மாகாணத்தில் 38 பள்ளிக்கூடங்களில் ஒரு சோதனை நடந்தது. 9, 10 வயதுப் பிள்ளைகளுக்கு முதலில் புழு மாத்திரை கொடுத்தார்கள். பிறகு பாதிப் பள்ளிகளில் வழக்கம்போல் ஒரு சுவரொட்டியை மாட்டினார்கள். மறுபாதிப் பள்ளிகளில் 12 நிமிடக் கார்ட்டூன் படம் காட்டினார்கள். படத்தின் பெயர் "மந்திரக் கண்ணாடி". அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டால் மண்ணில் இருக்கும் புழு முட்டை எல்லாம் கண்ணுக்குத் தெரியும்! படத்தைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் அதைப் பற்றிப் பேசினார்கள், எழுதினார்கள், படம் வரைந்தார்கள்.

ஒரு பள்ளி ஆண்டு முடிந்ததும் மறுபடி சோதித்தார்கள். சுவரொட்டி மட்டும் பார்த்த பிள்ளைகளில் 100-க்கு 8 பேருக்கு மேல் புழு வந்து இருந்தது. மந்திரக் கண்ணாடி பார்த்தவர்களில் 4 பேருக்குத்தான். கக்கூசு போய் வந்து கை கழுவியவர்கள் சுவரொட்டிப் பள்ளிகளில் 100-க்கு 54 பேர். படம் பார்த்த பள்ளிகளில் 99 பேர். இந்த முடிவு 2013-ம் ஆண்டு வெளியிடப்பட்டது.

கண்ணால் பார்த்தது மறக்காது என்பதுதான் அதில் உள்ள சூட்சுமம். பழனி மலையில் இதற்குப் பெரிய செலவு வேண்டியது இல்லை. ஒரு பிள்ளையின் கையில் கோலப்பொடியைத் தடவி, 10 பேரிடம் கை குலுக்கச் சொன்னால் போதும். கதவுப் பிடி, பேனா, சாப்பாட்டுத் தட்டு, மூக்கு எல்லாம் வெள்ளையாக இருக்கும். தோட்டத்துக் கேரட் ஒன்றைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டுக் குலுக்கினால், அடியில் எவ்வளவு மண் தங்குகிறது என்பதை வகுப்பு முழுவதும் பார்க்கும். மேல்நிலைப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கி இருக்கிறது. அலமாரியில் பூட்டி வைக்காமல் நகத்து அழுக்கை வைத்துக் காட்டினால், அன்று சாயந்தரமே நகவெட்டி தேடுவார்கள்!

பாட்டியிடம் சொல்வது யார்?

ஏன் 13 வயதுப் பிள்ளை என்று முதலில் கேட்டோம் அல்லவா?

அந்த வயதுப் பெண்தான் மலை வீடுகளில் பாதித் தாய். தம்பிக்குச் சோறு ஊட்டுகிறாள். கால் கழுவி விடுகிறாள். காய் நறுக்குகிறாள். ஊற்றில் தண்ணீர் எடுத்து வருகிறாள். அந்த வயதுப் பையன் தோட்ட வேலைக்குக் கால் வைக்கும் நேரம் அது. 6 வயதுக் குழந்தையிடம் சொன்னால் அது தன் கையைத்தான் கழுவும். 13 வயதுப் பெண்ணிடம் சொன்னால் ஒரு வீடே கழுவும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. கொக்கிப்புழு வயது ஏற ஏற அதிகமாகக் காணப்படும் புழு. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியார் ஜவ்வாது மலையில் பெரிய ஆராய்ச்சி நடத்தினார்கள். அங்கும் குழந்தைகளைவிடப் பெரியவர்களிடம்தான் கொக்கிப்புழு அதிகம் காணப்பட்டது. பள்ளி மாத்திரையோ பிள்ளைகளுக்கு மட்டும். பிள்ளை வயிறு சுத்தம்; அப்பா, தாத்தா வயிற்றில் புழு. மண்ணில் முட்டை விழுவது நிற்குமா?

எனவே செய்தி வீட்டுக்குப் போக வேண்டும். போனால் பாட்டி என்ன சொல்வாள்? "நான் 60 வருஷமா வெறுங்கால்ல நடக்கிறேன். எனக்கு என்ன வந்தது? பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினா எனக்கே பாடம் சொல்றியா?" என்பாள்.

அதற்குப் பேத்தி வாதாடக் கூடாது. "ஆச்சி, உங்க இமையைக் கொஞ்சம் காட்டுங்க" என்று சொல்லிப் பார்த்தால் போதும். வெளுத்து இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போகலாம்.

செருப்பு விஷயத்தில் ஒரு உண்மையை மறைக்கக் கூடாது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு இலவசக் காலணி கொடுக்கிறார்கள். நல்ல திட்டம். ஆனால் பிள்ளை அதைப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போடும். புழு இருப்பது பள்ளிக்கூடத்து வகுப்பறையில் இல்லை; தோட்டத்தில். மழை பெய்த சரிவில் செருப்பு வழுக்கும் என்று அம்மாவே கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொல்வாள். மூடிய ரப்பர் செருப்போ பூட்சோதான் தோட்டத்துக்கு ஏற்றது. அதற்குப் பணம் வேண்டும். பளியர் குடியிருப்பில் இருந்து வரும் பிள்ளையிடம் "பூட்ஸ் வாங்கு" என்று சொல்வது பாடம் ஆகாது. அதைத் தோட்டக்காரர்கள் கொடுக்க வேண்டும்.

கக்கூசும் அப்படித்தான். குழி வெட்டினால் பாறை. கொஞ்சம் கீழே ஊற்று. தண்ணீரைத் தலையில் சுமந்து வர வேண்டும். இரட்டைக் குழிக் கக்கூசு இதற்கு நல்லது. ஒரு குழி நிறைந்ததும் மூடிவிட்டு மற்றதைப் பயன்படுத்துவார்கள். மூடிய குழியில் உள்ளது நாளடைவில் மக்கி உரம் ஆகும். சமவெளியில் அதற்கு ஒரு ஆண்டு போதும். மேல்மலைக் குளிரில் உருண்டைப்புழு முட்டை சாக நாள் ஆகும். ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு வரை குழியைத் திறக்காமல் விட வேண்டும். இது பலருக்குத் தெரியாது.

ஜாவாத் தீவில் 1920-களிலும் 30-களிலும் ஹைட்ரிக் என்ற டாக்டர் வேலை செய்தார். முதலில் மருந்தை அள்ளிக் கொடுக்க அவர் சம்மதிக்கவில்லை. ஊர் ஊராக ஆள் அனுப்பிப் புழுவைக் காட்டினார், பேசினார், காத்து இருந்தார். மக்கள் தாங்களே குழி வெட்டிக்கொண்டார்கள். தானாக வெட்டிய குழியைத்தான் மனிதன் பயன்படுத்துவான் என்பது அவர் கட்சி. சர்க்கார் கட்டிக் கொடுத்த கக்கூசில் விறகு அடுக்கி வைத்து இருப்பதைப் பார்த்தவர்களுக்கு அவர் சொன்னது புரியும்.

கொதிக்கும் தண்ணீர்

புழு மாத்திரைக்கு அடங்காத வேறு சிலவும் உண்டு. அமீபா, ஜியார்டியா என்ற கிருமிகள் தண்ணீரில் வரும். சீதபேதி, ஓயாத வயிற்றுப்போக்கு இவற்றின் வேலை. ஊற்றுத் தண்ணீர் கண்ணாடி போல் தெளிவாக இருந்தாலும் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும்.

இதிலும் மலைக்கு ஒரு தனிக் கணக்கு. சமவெளியில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். கொடைக்கானல் உயரத்தில் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கிருமி சாக அந்தச் சூடு போதும். ஆனால் கொப்புளம் வந்த உடனே இறக்கிவிடாமல் 3 நிமிடம் கொதிக்க விட வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு நாள் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதைக் காப்பியோடும் டீயோடும் விழுங்கக் கூடாது. இரும்புச் சத்து உடம்பில் சேராது. காப்பி விளையும் ஊரில் இதைச் சொல்வது கஷ்டம்தான். சாப்பிட்ட பிறகு தண்ணீரோடு விழுங்கி, காப்பியை ஒரு மணி நேரம் தள்ளி வைக்கலாம். மலம் கறுப்பாகப் போகும். அதற்குப் பயப்பட வேண்டாம்.

வராத பிள்ளை

பிப்ரவரி மாத்திரை நாளில் வாத்தியார் முதலில் பார்க்க வேண்டியது வருகைப் பதிவேடு. அன்று வராத பிள்ளை யார்?

காப்பி அறுவடை முடியாத நேரம் அது. அப்பா, அம்மாவோடு எஸ்டேட்டில் தங்கிப் பழம் பறிக்கப் போன பிள்ளைதான் வந்து இருக்காது. தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்ற பெண் வந்து இருக்காது. கள்ளன் முதலில் பிடிப்பது அவர்களைத்தான்.

விடுபட்டவர்களுக்கு என்று சில நாள் கழித்து இன்னொரு நாள் வைத்து இருக்கிறார்கள். அன்றைக்குள் எஸ்டேட்டுக்கு ஆள் அனுப்பிச் சொல்லிவிட வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளை அதே வகுப்பில்தான் படிக்கும். "நாளைக்கு வரச் சொல். மாத்திரை எடுத்து வைத்து இருக்கிறேன் என்று சொல். செருப்புப் போட்டுக்கொண்டு வரச் சொல்" என்று வாத்தியார் சொல்லி அனுப்பினால், அந்தப் பிள்ளை சாயந்தரம் தோட்டத்து வழியாக ஓடிப் போய்ச் சொல்லிவிட்டு வரும்.